முறைத் தண்ணீர்

குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அருவியில் தண்ணீர் விழுந்தால் போதும். விழுந்த தண்ணீர் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அது வாய்க்கால் வழியாக எங்கள் குளத்துக்கு வருகிறது. குளத்தில் அன்னப்பறவை மாதிரி செய்த மிதி போட்டுகள் கிடக்கும். கரையில் ஒரு பூங்கா உண்டு. கழுத்தில் விரிசல் விட்ட சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி, எண்ணெய் காணாத ஊஞ்சல், குரங்குகள். அங்கே டிக்கெட் கிழித்து லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது என் வேலை. எண்ணெய்த் தலையோடு ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். "இதப் போட்டா போட்டோல குண்டாத் தெரியுமே" என்பார்கள். போடாவிட்டால் போட்டோ மட்டும்தான் மிஞ்சும் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது எனக்கு. சீசன் முடிவதற்குள் மனுசர்களைக் கண்டாலே எரிச்சல் வரும்.

அந்த எரிச்சலில் என்னைக் காப்பாற்றி வைத்திருந்தவள் லஸ்கரக்கா. குளத்து மடையில் இருக்கிற ஷட்டரைத் தூக்கி இறக்குகிற ஆளுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் லஸ்கர். அவள் புருசன் அந்த வேலையில் இருந்தான். நெஞ்சுவலி வந்து ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தான். வாரிசு வேலையாக அவளுக்கு அது கிடைத்தது. சேலைக்கு மேல் அவனுடைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஷட்டரைத் திருகும் கைப்பிடியைத் தோளில் சாய்த்தபடி கரையில் வருவாள். மூட்டு வலி வேறு. நாலு எட்டு வைப்பாள், நின்று "யம்மாடி" என்பாள், மறுபடி நடப்பாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடுப்பில் துண்டு மட்டும் கட்டி, முழங்கால் வரை சேறாக ஒரு பெரியவர் மடைப்பக்கம் வந்தார். லஸ்கரக்கா எழுந்து நின்று, "சொல்லுங்க சார்" என்றாள். யாரோ பெரிய ஆபீசர் மாறுவேசத்தில் வந்திருக்கிறார் என்று நானும் எழுந்து நின்றேன். அவர் போன பிறகு விசாரித்தால், அவளுடைய சொந்தப் பெரியப்பா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளோ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாற்று நடுகிற பெண்கள் தலையில் சும்மாட்டோடு கரைமேல் போனார்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய மதினி. அவளைப் பார்த்தும் லஸ்கரக்கா, "வழுக்கும், பாத்துப் போங்க மேடம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சண்டையில் மட்டும்தான். மற்றபடி மாமா, மச்சான், அத்தான், சித்தி, மதினி. எதுவும் பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது அண்ணாச்சி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தென்காசி தாண்டுவதற்குள் ஏதோ ஒரு முறையில் சொந்தமாகிவிடுவான். அப்படிப்பட்ட ஊரில் கரைமேல் ஏறிவிட்டால் இவளுக்கு ஊரே சாரும் மேடமும்தான். பழக்கம் முற்றிப் போய், சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஷட்டர் மேல் உட்கார்ந்திருந்த கடுவன் குரங்கைப் பார்த்து, "இறங்குங்க சார்" என்றாள் ஒருநாள். சத்தியமாகச் சொல்கிறேன், அது இறங்கிவிட்டது.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "ஏன்க்கா, பெரியப்பாவப் போயி சாருங்கியே, ஒனக்கு நாக்கு கூசலையா?"

"கூசத்தான் செய்யுது மேடம்" என்றாள். என்னையும் மேடம்தான். "ஆனா முறை சொல்லிக் கூப்பிட்டா முறை கெட்டுப்போவும்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கிச் சொன்னாள். குளத்துக்குக் கீழே வயல்கள் இரண்டு பிரிவு. மடைக்குப் பக்கத்தில் இருப்பது மேலப்பத்து, வாய்க்காலின் கடைசியில் இருப்பது கீழப்பத்து. தண்ணீர் குறைவாக இருக்கும்போது இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை வைத்து விடுவார்கள். இவள் வேலைக்கு வந்த முதல் மாதம், முறை கீழப்பத்துக்கு. காலையில் மேலப்பத்திலிருந்து பெரியப்பா வந்து, "மக்களே, ஒரு திருகு கூடத் தூக்கி விடேன், எங்க வரப்பே நனைய மாட்டங்கு" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா கேட்டு எப்படி மாட்டேன் என்பது. ஒரு திருகு. அடுத்து அத்தான் முறையில் ஒருவர். பெரியப்பாவுக்கு விட்டுவிட்டு அத்தானுக்கு இல்லையென்றால் அத்தான் முகத்தில் நாளைக்கு எப்படி முழிப்பது. இன்னொரு திருகு. அப்புறம் சித்தி வந்தாள், சித்தி மகன் வந்தான், சின்ன மாமனார் வந்தார். பொழுது சாய்வதற்குள் ஷட்டர் மேலே முட்டி நின்றது. மேலப்பத்து முழுக்க வெள்ளம். வழியிலேயே எல்லாரும் மடை கட்டித் திருப்பிக்கொண்டதால், முறைக்காரர்களான கீழப்பத்துக்கு ஒரு சொட்டு போகவில்லை. அவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். மேலே இருந்து மெமோவும் வந்தது.

"யாருக்கும் நான் கெடுதல் நினைக்கல மேடம். கேட்ட சொந்தத்துக்கெல்லாம் ஆளுக்கு ஒரு திருகு. அம்புட்டுத்தான் செஞ்சேன்."

மறுநாள் காலையில் பெரியப்பா மறுபடி வந்தபோது, "சொல்லுங்க சார்" என்றிருக்கிறாள். பெரியப்பா திரும்பிப் பார்த்தாராம், பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று. அதோடு அவருக்குக் கேட்க வந்தது மறந்துபோய்த் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த பிடி அது.

ஊர் சும்மா விடுமா? கோயில் கொடையன்று இவள் பொங்கல் பானையோடு வந்தால், "ஏலே எந்திரிங்க, அரசாங்கம் வருது" என்று மச்சான் முறைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். சின்ன மாமனார் ஒரு வருசம் முழுக்கப் பேசவில்லை. மருமகள் வாயால் சார் என்று கேட்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கரையை விட்டு இறங்கினால் அவள் பழையபடி மாமா, சித்தி என்றுதான் பேசுவாள். ஆனால் ஊர் அவளிடம் பழையபடி பேசவில்லை. "சவத்தெ விடுங்க மேடம், பேசிட்டுப் போறாங்க" என்பாள். சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள்.

இந்த விளையாட்டை ரசித்தவன் ஒரே ஒருத்தன், அவளுடைய தம்பி. அம்மா இல்லாமல் இவள் தூக்கி வளர்த்த பையன். அவனுக்குச் சொந்த நிலம் கிடையாது. கீழப்பத்தில், வாய்க்கால் முடிகிற இடத்தில், குத்தகைக்குப் பிடித்துப் பயிர் வைத்திருந்தான். மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுவருவான். கரைக்குக் கீழே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், சோறு வந்திருக்கு மேடம். உத்தரவு கொடுத்தா மேல வருவேன்" என்பான். "வாங்க சார்" என்பாள் அவளும். முகத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நேரத்தில்தான். அவன் கொண்டுவரும் புளிக்கறியிலும் பருப்புத் துவையலிலும் எனக்கும் ஒரு பங்கு வரும்.

ஒரு வருசம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. குளத்தில் தண்ணீர் கொஞ்சம்தான். ஷட்டரைத் திறந்தால் போட் தரைதட்டும், திறக்க வேண்டாம் என்று போட் காண்டிராக்டர் கேட்டார். மோசமான மனிதர் இல்லை. அவருக்கும் வருசத்தில் சம்பாதிக்க நாலு நல்ல நாள்தான். மேலே யாரிடமோ சொல்லி அவளுக்குப் போனும் வந்தது. "எழுதிக் கொடுங்க சார், மூடிடுதேன்" என்றாள் போனில். எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அன்றைக்கு முறை மேலப்பத்துக்கு. அவள் பாட்டுக்குத் திறந்துவிட்டாள். ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அன்னப்பறவையோடு நடுக்குளத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கி இழுத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை வாய்க்கு வந்தபடி பேசினேன். "முறை அவங்களுது மேடம்" என்றாள், அவ்வளவுதான். எனக்கு அன்று அவள் மேல் கோபமும் இருந்தது, சொல்லத் தெரியாத ஒரு பெருமையும் இருந்தது.

அதற்கு அடுத்த வருசம் சாரல் ஏமாற்றிவிட்டது. மேகம் மலை மேல் வந்து உட்காரும், எழுந்து புளியறைப் பக்கம் கேரளாவுக்குப் போய்விடும். அருவியில் பாறைதான் தெரிந்தது. குளம் பாதிகூட நிறையவில்லை. கார் பருவத்து நெல் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற நேரம். அந்த நேரம் ஒரு தண்ணீர் தப்பினாலும் மணி திரளாமல் பதராகிவிடும். மேலப்பத்து அதன் முறையை வாங்கி நனைத்துக்கொண்டது. அடுத்து கீழப்பத்தின் முறை. சனிக்கிழமை திறக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமையும் விடுமுறையோடு வந்து சேர்ந்தது. அருவியில் தண்ணீர் இல்லை என்பதால் வந்த கூட்டமெல்லாம் போட்டுக்குத்தான் வரும். காண்டிராக்டர் மறுபடி கேட்டார். மறுபடி போன் வந்தது. ரெண்டு நாள் தள்ளிப் போடு, திங்கட்கிழமை திறந்துக்கோ.

இந்த முறை அவள் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. போனைக் கேட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, தொறக்கப் போறதானே?" என்றேன்.

"தெரியல மேடம்."

"தெரியலையா? போன வருசம் எங்கள சேத்துல இறக்கி விட்டியே, அப்பம் மட்டும் தெரிஞ்சுதா?"

"போன வருசம் முறை மேலப்பத்துக்கு. அங்கன என் தம்பி வயல் இல்லையே" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. திறந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்கு இப்போதே காதில் கேட்கிறது. மேலே இருந்து வேண்டாம் என்றும் திறந்துவிட்டாள்; யாருக்கு, தம்பிக்கு. பெரியப்பாவைச் சார் என்றாள், மாமனாரைச் சார் என்றாள், தம்பி என்று வந்ததும் ஷட்டர் தானாகத் தூக்கிக்கொண்டது. இத்தனை வருசமாக யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காமல் சேர்த்து வைத்த பெயர், ஒரு நாள் தண்ணீரில் போய்விடும். "அவன் ஒருத்தனா இருக்கான் அங்கன? கீழப்பத்து முழுக்க ஆளு இருக்குல்லா" என்று சண்டை பிடித்தேன். கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். கையில் தூக்குச்சட்டி இருந்தது. கரைக்குக் கீழே நிற்காமல் நேரே மேலே ஏறி வந்தான்.

"ஏன்க்கா தண்ணி வரல?"

"ரெண்டு நாள் பொறுங்க சார்."

"பயிரு பொறுக்காதுக்கா. ஒரு நாளு தண்ணி போதும். தம்பின்னு நெனச்சுக் கேக்கல, முறை எங்களுது."

"திங்கக்கிழமை தொறந்துருவேன் சார்."

குளத்தில் பிள்ளைகள் போட்டில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் லைஃப் ஜாக்கெட்டுக்கு வரிசை நின்றது. யாருக்கு எதை மாட்டினேன் என்று எனக்கே தெரியாது. கண்ணெல்லாம் மடைப்பக்கம் இருந்தது. அவன் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தான்.

"சரிங்க மேடம்" என்றான்.

எத்தனையோ தடவை அவன் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை அதில் விளையாட்டு இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. அன்று அந்தத் தூக்குச்சட்டியை யாரும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை திறந்தாள். முழுசாகத் திறந்தாள். அதற்குள் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. வந்த தண்ணீரை வாய்க்காலே குடித்துவிட்டது. வயல் தலைப்பில் ஏதோ கொஞ்சம் ஈரம் தட்டியது என்றார்கள். அறுப்புக்கு ஆள் விடுகிற அளவுக்குக்கூடக் கீழப்பத்தில் ஒன்றும் தேறவில்லை. மாட்டை விட்டு மேய்த்தார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. ஊர் அவளைப் புகழ்ந்தது. டீக்கடையில் சின்ன மாமனாரே சொன்னார்: "சொந்தத் தம்பிக்கே விடலியே, பொம்பளன்னா அவ பொம்பள." கொடையில் எழுந்து நின்று கேலி பண்ணியவர்கள் இப்போது நிஜமாகவே எழுந்து நின்றார்கள். கீழப்பத்துக்காரர்கள்கூட, தம்பியோடு சேர்ந்து தாங்களும் கெட்டதை மறந்து, "அவன் இருந்ததாலதான் நமக்கும் கெடைக்கல" என்று அவன் மேல் பழியைப் போட்டார்கள். இதைக் கேட்டுவிட்டு வந்து அவள் என் டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலுப்பென்றால் அப்படி ஒரு அலுப்பு. "கேவலமாப் பேசுனப்பகூட இம்புட்டு வலிக்கல மேடம்" என்றாள்.

தம்பி குத்தகையை விட்டுவிட்டான். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். ஊருக்கு வந்தால் அக்கா வீட்டுக்கும் வருவான். அக்கா மகள் அவனுக்கு மருமகள்; அவளுக்கு ஏதாவது வாங்கி வருவான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவளை மட்டும் மேடம் என்றான். வீட்டுக்குள்ளேயும் மேடம். "எப்பிடி இருக்கீங்க மேடம்?", "வாரேன் மேடம்." அதைக் கேட்டு மருமகள் அழுதிருக்கிறாள். அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுவருசம் லஸ்கரக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் பக்கத்தில் பெண் மேடை ஏற மாட்டாள். பத்திரிகை முதலில் அவனுக்குத்தான் வைக்க வேண்டும். "நீங்களும் வாங்க மேடம், எனக்குத் தனியாப் போகக் காலு வரல" என்றாள். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், அவனுக்கு வேட்டி சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். மார்க்கெட் முழுக்க எலுமிச்சை வாசம். லாரிகளுக்கு நடுவில் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்ததும் இறக்கி வைத்துவிட்டு வந்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "வாங்க மேடம், உக்காருங்க" என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான்.

அவள் உட்காரவில்லை. தாம்பாளத்தை நீட்டினாள். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினான்.

"ஏலே" என்றாள். இத்தனை ஆட்களுக்கு நடுவில் அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. "அன்னைக்கு உன் முறைதாம்லே. நான் தொறந்திருக்கணும். ஊரு பேசும்னு பயந்துட்டேன்."

அவன் தாம்பாளத்தையே பார்த்தான். "மாலையும் சீரும் நான் கொண்டாருதேன்" என்றான். "லாரி நிக்கி. வாரேன் மேடம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். கடையநல்லூர் தாண்டிய பிறகு, "வாரேன்னு சொன்னான்லா?" என்று கேட்டாள். "சொன்னாருக்கா" என்றேன். தென்காசி வருவதற்குள் இன்னொரு தடவையும் கேட்டாள்.

கல்யாணம் தென்காசியில் ஒரு மண்டபத்தில். பந்தி மேற்பார்வையை என்னிடம் விட்டிருந்தாள். அவள் பட்டுச்சேலையில், காக்கிச் சட்டை இல்லாமல், பந்தி வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினாள். "வாங்க மாமா, சாப்டுங்க. சித்தி, உக்காருங்க சித்தி. யாரும் சாப்பிடாமப் போயிறக் கூடாது." அவளைச் சுற்றி ஊரே சொந்தமாக நின்றது. பெரியப்பா இலையில் உட்கார்ந்துகொண்டு, "அரசாங்கம் இன்னைக்கு லீவு போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

தம்பி விடிகாலையிலேயே வந்துவிட்டான். அவள் வாங்கிக் கொடுத்த வேட்டி சட்டையைத்தான் உடுத்தியிருந்தான். சீர்த்தட்டு ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. மருமகளுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தான். தாலி கட்டும்போது பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரிடமும் நின்று பேசினான். பிறகு மண்டபத்தின் பக்கக் கதவருகே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனை நான் பிடித்துக்கொண்டேன். "தலைவாழை இலை போட்டு வச்சிருக்கேன், ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க" என்றேன்.

"பசிக்கலக்கா" என்றான். என்னை அக்கா என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். மூட்டு வலியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி சாப்ட்டானா?"

"சாப்ட்டாருக்கா. முதல் பந்தியிலயே உக்காந்துட்டாரு. ரசம் ரெண்டு தடவ கேட்டு வாங்குனாரு."

"நல்லதாப் போச்சு" என்றாள்.

முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை அந்தப் பந்தி வாசலை விட்டு அவள் ஒரு அடிகூட நகரவில்லை.